இரண்டு கால்கட்டுகள்

கால்கட்டு என்ற சொல் உங்கள் எல்லாருக்கும் தெரியும். பையன் வேலைவெட்டி இல்லாமல் சுற்றினால், 'ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பார்கள். கல்யாணத்தைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளும் உண்டு. காலில் மாட்டும் சங்கிலி. இந்த இரண்டு கால்கட்டையும் நம் குடும்பங்கள் ஒரே நோய்க்கு மருந்தாக நம்பியிருக்கின்றன. அந்த நோயின் பெயர் மனச்சிதைவு. மருத்துவர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள்.

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக வெளிநோயாளிகள் வரிசையின் ஓரத்தில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். அங்கே கேட்ட பல வீட்டுக் கதைகளைக் கலந்து ஒரு பிள்ளையை உங்கள் முன் நிறுத்துகிறேன். யாருடைய அடையாளமும் அதில் இல்லை.

வயது 22. பாலிடெக்னிக் முடித்து ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தான். மூன்றே மாதத்தில் வேலைக்குப் போவதை நிறுத்தினான். குளிப்பது குறைந்தது. நண்பர்கள் வந்து கூப்பிட்டால் 'இல்லைன்னு சொல்லும்மா' என்பான். ராத்திரி முழுக்க விழித்திருப்பான். வீட்டில் யாருக்கும் இது நோயாகத் தெரியவில்லை. 'சோம்பேறித்தனம்' என்றார் அப்பா. 'லவ் ஃபெயிலியரா இருக்கும்' என்றாள் அக்கா. ஏழெட்டு மாதம் கழித்து, ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டி மறைத்தான். மின்விசிறி தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று அதை அணைத்தான். பிறகு அம்மா சமைத்த சோற்றைத் தொட மறுத்தான். உரிக்காத வாழைப்பழமும் சீவாத இளநீரும் மட்டும்தான். யாரும் விஷம் கலக்க முடியாதது அவை இரண்டும்தான் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையே இல்லை, கவனித்தீர்களா? அறிவு மழுங்கிவிடவில்லை. தொடங்கும் இடம்தான் தவறிப்போயிருக்கிறது.

மனச்சிதைவு இப்படித்தான் வருகிறது. காதில் குரல் கேட்பது முக்கியமான அறிகுறி. பக்கத்து அறையில் ஒருவர் பேசுவதைப் போலவே அது கேட்கும், 'கற்பனை' என்று சொல்லி நகரமுடியாது. பெரும்பாலும் அந்தக் குரல்கள் திட்டும், கேலி செய்யும், சிலவேளை உத்தரவிடும். அடுத்தது, அசைக்கமுடியாத தவறான நம்பிக்கை: போலீஸ் பின்தொடர்கிறது, செய்தி வாசிப்பவர் என்னைத்தான் சாடையாகச் சொல்கிறார், என் நினைப்பு வெளியே எல்லாருக்கும் கேட்கிறது. பேச்சு கோவை இழந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் உண்டு. இவையெல்லாம் சத்தம் போடும் அறிகுறிகள், ஊரே பார்த்துவிடும். சத்தம் போடாத அறிகுறிகள்தான் முதலில் வருகின்றன, கடைசியில் போகின்றன: முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது, பேச்சு சுருங்குவது, எதையும் தொடங்க மனம் வராதது. இவற்றுக்கு நம் வீடுகளில் வைக்கும் பெயர் 'திமிர்' அல்லது 'சோம்பல்'. திட்டு வாங்கியே அந்த மாதங்கள் கழிந்துவிடும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தீர்த்துவிடலாம். இது ஆளுக்குள் இன்னொரு ஆள் புகுந்துகொள்ளும் நோய் அல்ல. 2005இல் 'சந்திரமுகி', 'அந்நியன்' என்ற இரண்டு படங்கள் இரண்டு மாத இடைவெளியில் வந்து, மனநோய் என்றாலே பெயரும் குரலும் மாறும் என்று ஒரு தலைமுறையையே நம்பவைத்துவிட்டன. நானும் இரண்டையும் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் அது வேறு, இது வேறு. 1908இல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர், 'பிளவு', 'மனம்' என்ற பொருள்தரும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்த நோய்க்குப் பெயர் வைத்தார். எண்ணமும் உணர்ச்சியும் செயலும் ஒன்றோடொன்று இணையாமல் பிரிவதை அவர் சொன்னார். ஒரு மனிதன் இரண்டு மனிதனாவதை அல்ல.

சரி, கால்கட்டுக்கு வருவோம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து இருபத்தைந்து வரை, பெண்களுக்குச் சற்றுத் தள்ளி, இருபதுகளில் தொடங்கும். நம் ஊரில் அந்த வயதில் வேறு என்ன நடக்கிறது? ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு தரகர் வருகிறார். நோயும் வரனும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. அதனால்தான் ஒன்றுக்கு இன்னொன்று மருந்து என்று தோன்றிவிடுகிறது. பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கையில் கிடைத்த மருந்தைச் சொல்கிறார்கள்.

அந்த மருந்து என்ன செய்தது என்பதைச் சென்னையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் தாராவும் உடன் ஆய்வாளர்களும், இந்த நோயோடு மணவாழ்க்கை முறிந்த 75 பெண்களைப் பற்றி 2003இல் எழுதினார்கள். கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுத் தாய்வீட்டில் கிடப்பவர்கள். அவர்களுடைய வயதான பெற்றோர், தங்களுக்குப் பிறகு இவர்களுக்கு யார் என்று தவிப்பவர்கள். ஆணுக்கு நோய் என்றால் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு உடன் இருப்பதும், பெண்ணுக்கு நோய் என்றால் ஆறு மாதத்தில் பெட்டி வாசலுக்கு வருவதும் எங்கள் வரிசையில் தினம் பார்த்ததுதான். மறைத்துச் செய்த கல்யாணத்தில் முதலில் மறைவது மாத்திரை. புகுந்த வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அந்தப் பெண் அதை நிறுத்துவாள். சில மாதங்களில் நோய் திரும்பும். பிறகு, 'பைத்தியத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்' என்ற பஞ்சாயத்து. சட்டம்கூட இவ்வளவு அவசரப்படுவதில்லை. ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயர் சீட்டில் இருப்பது மட்டுமே விவாகரத்துக்குப் போதாது, நோயின் கடுமையைப் பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லியிருக்கிறது.

இரண்டாவது கால்கட்டு இரும்பு. 2001 ஆகஸ்ட் 6, விடியும் வேளை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அங்குள்ள தர்காவின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. நம்பிக்கையோடு வந்த கூட்டத்தை வைத்து, சுற்றிலும் முளைத்த காப்பகங்களில் ஒன்று அது. கொண்டுவந்து விட்டவர்கள் அந்நியர்களும் அல்ல. அம்மா, அண்ணன், மாமா. இரவு காவலுக்கு ஆள் இல்லாதவர்களுக்கு, பக்கத்தில் மருத்துவர் இல்லாதவர்களுக்கு, சங்கிலிதான் கண்ணில் பட்டது. இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையில் சங்கிலியிட்டாலும் குற்றம் என்கிறது.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். தமிழ்நாட்டு முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியவர்களை மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் கவனித்து, 2002இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார்கள். சில வாரங்கள் தங்கியவர்களின் அறிகுறிகள் ஓரளவு குறைந்திருந்தன. மந்திரம், மருந்து எதுவும் தரப்படவில்லை. அடிக்கவில்லை, கட்டவில்லை. ஒழுங்கான நாள், கூட இருக்க ஒரு சொந்தக்காரர், சின்னச் சின்ன வேலை, யாரும் பயந்து ஒதுங்காத இடம். அவ்வளவுதான். ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் துவாவோடு தவாவும் என்று, பிரார்த்தனைக்குப் பக்கத்தில் மருத்துவமும் கொண்டுவரப்பட்டது. திருநீறு பூசிக்கொண்டே மாத்திரை சாப்பிடலாம். மாத்திரையைக் குளத்தில் போடச் சொல்கிறவரிடம்தான் எனக்குச் சண்டை.

இனி அந்தப் பையனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவோம். வரமாட்டான். 'எனக்கு என்ன நோய்? அவங்களைப் பிடிங்க' என்பான். நோய் தனக்கு இருப்பதே தெரியாமல் இருப்பது இந்த நோயின் ஒரு பகுதி. அவனோடு வாதாடி ஜெயிக்க முடியாது. 'யாரும் விஷம் வைக்கவில்லை' என்று நூறு முறை சொன்னாலும், நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஆவீர்கள், அவ்வளவே. அவனுடைய அம்மா வேறு வழி பிடித்தாள். 'ராத்திரி தூக்கமே இல்லையேப்பா, அதுக்கு மட்டும் டாக்டரைப் பார்ப்போம்' என்றாள். அது பொய்யில்லை, தூக்கமில்லாதது உண்மைதானே? அவன் வந்தான்.

அங்கே என்ன நடக்கும்? நிறைய பேர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மனச்சிதைவைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. எடுக்கச் சொன்னால், வேறு எதுவும் இல்லை என்று உறுதிசெய்யத்தான்: தைராய்டு, பி12 குறைவு, வலிப்பு, மூளைக் காய்ச்சல், கஞ்சா, குடி. இவையும் இதே மாதிரி வேஷம் போடும். நோயைக் கண்டுபிடிப்பது பேச்சில்தான். எப்போது தொடங்கியது, என்ன கேட்கிறது, எத்தனை பேர் பேசுகிறார்கள், தூக்கம், சாப்பாடு, வேலை, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா? பையனிடம் தனியாக, வீட்டாரிடம் தனியாக. ஒரு நாள் குரல் கேட்டதை வைத்து முத்திரை குத்தமாட்டார்கள். அறிகுறிகள் ஒரு மாதமாவது நீடித்திருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மனம் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் போய்வரும் இருமுனை நோயா, கடும் மனச்சோர்வா என்பதையும் பிரித்துப் பார்ப்பார்கள். அந்த முதல் பேச்சில் அம்மாக்கள் மறைப்பதும் உண்டு, பெரியப்பாவுக்கு இப்படி இருந்ததைச் சொன்னால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்று. சொல்லிவிடுங்கள். அந்த அறையை விட்டு வெளியே போகாது. மரபு ஒரு காரணம்தான், விதி அல்ல.

மருந்து. 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் மனநோயாளிகளுக்குத் தரப்பட்டபோதுதான் நவீன மருந்து சிகிச்சை தொடங்கியது என்பார்கள். அதற்கும் 20 வருடம் முன்னால், 1931இல், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் சர்ப்பகந்தி வேரை மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். அந்த வேரிலிருந்து எடுத்த ரெசர்ப்பின் 1950களில் உலகெங்கும் மனநல மருத்துவமனைகளுக்குப் போனது. மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகளாலும், அதைவிட நல்ல மருந்துகள் வந்ததாலும் அது பின்தங்கிவிட்டது. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மனநோயை மருந்தால் தீர்க்கலாம் என்பது வெளிநாட்டிலிருந்து நம் தலையில் கட்டப்பட்ட யோசனை அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

இன்று ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'அது வெறும் தூக்க மாத்திரை' என்பார்கள். தூக்கம் வருவது உடன்வரும் விளைவு. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் மிகையைத் தணிப்பதுதான் இவற்றின் வேலை. தூக்கம் இரண்டு நாளில் வரும். குரல்கள் அடங்க வாரங்கள் ஆகும். எடை கூடலாம், சர்க்கரை ஏறலாம், கை நடுங்கலாம், உடல் விறைக்கலாம். இவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. 'நல்லாத்தானே இருக்கான், எதுக்கு இன்னும் மாத்திரை?' என்ற கேள்வியில்தான் நோய் திரும்ப வருகிறது. தினம் விழுங்க மனமில்லாதவர்களுக்கு இரண்டு, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி இருக்கிறது. எதற்கும் அடங்காதவர்களுக்கு, ரத்தப் பரிசோதனையோடு தரப்படும் குளோசபின் இருக்கிறது. சிலருக்கு ஷாக் ட்ரீட்மென்ட்டும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் சினிமாவில் வரும் அலறல்தான் நினைவுக்கு வரும். இன்று மயக்கமருந்து கொடுத்து, தசையைத் தளர்த்திய பிறகே செய்யவேண்டும் என்பது சட்டம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 'செத்துப்போ' என்று குரல் சொல்கிறது என்றால், சாவைப் பற்றிப் பேசினால், அன்றைக்கே மருத்துவமனை. வழி தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

மருந்துக்கு நிகராக இன்னொன்று வேலை செய்கிறது: வீட்டுப் பேச்சின் சூடு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களை வீடு வரை பின்தொடர்ந்து பார்த்தார். எப்போதும் குறை சொல்கிற, எப்போதும் கண்ணீரோடு கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிற வீடுகளில் நோய் சீக்கிரம் திரும்பியது. குறை சொல்வது கெடுதி என்பது புரிகிறது. அளவுக்கு மீறிய பாசமும் கெடுதி என்றால் நம் அம்மாக்களுக்குக் கோபம் வரும். எங்கள் பையனின் அம்மாவுக்கும் வந்தது.

வீட்டுப் பேச்சு மட்டுமல்ல, ஊர்ப் பேச்சும் சுடும். நோய்க்குச் சிகிச்சை பெறும் இடத்தின் பெயரே நம் ஊரில் வசவாகிவிட்டது. 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்' என்று எத்தனை முறை கேட்டிருப்போம்! சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையைத்தான் சொல்கிறார்கள். 1794இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே 1961இல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். வாழ்நாள் முழுக்க அடைத்து வைக்கும் இடமாக இருந்ததை, பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் இடமாக மாற்ற உழைத்தார். ஓய்வுக்குப் பிறகு, 1984இல் அவர் தொடங்கியதுதான் நான் சொன்ன ஸ்கார்ஃப். 98 வயதில், 2021 டிசம்பரில் காலமானார்.

பையனின் கதைக்கு மிச்சம் இருக்கிறது. ஒன்றரை வருடம் ஆனது. குரல் ஒன்று மட்டும் எப்போதாவது வரும், 'பழைய வாடகைக்காரர் மாதிரி' என்றான், ரேடியோவைச் சத்தமாக வைத்தால் போய்விடும். மாமாவின் ஜெராக்ஸ் கடையில் காலையில் மட்டும் வேலை. சோறு சாப்பிடுகிறான். ஒருநாள் அம்மா தனியாக வந்து உட்கார்ந்தாள். தரகர் வந்திருக்கிறார், நல்ல இடம், என்ன சொல்ல என்றாள். கல்யாணம் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, மருந்தையும் நோயையும் பெண்வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றோம். 'சொன்னா யாரு சார் பொண்ணு குடுப்பா?' என்றாள். எங்களிடம் பதில் இல்லை. அடுத்த முறை அவனும் வந்தான். அவனிடமே கேட்டோம். சிரித்தான்.

"கொஞ்ச நாள் போகட்டும் சார். முதல்ல கடையில முழு நாளும் உட்கார்ந்து பார்க்கிறேன்."