ஆட்டோவுக்குத் தேங்காய் எண்ணெய்



மாட்டு வண்டி இருசுக்கு மை போடுவது ஏன்? இரும்பும் இரும்பும் உரசினால் தேயும். நடுவில் எண்ணெய்ப் பசை இருந்தால் தேய்மானம் குறையும்.

எஞ்சினுக்கும் இதே கதைதான். பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோவில் பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் விலை சரிந்திருந்த காலம். கேரளத்து ஆட்டோக்காரர்கள் சிலர் ஆயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பார்த்தார்கள். புகை குறைந்ததாகச் சொன்னார்கள்.

கொச்சிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். முடிவு 2007-இல் வெளிவந்தது. உராய்வு குறைவுதான். ஆனால் எஞ்சின் தேய்ந்தது. தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானத்தைக் கொஞ்சம் கலந்தார்கள். தேய்மானம் குறைந்தது.

இன்னொரு குறையும் உண்டு. சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். பாலக்காட்டு வெயிலில் உருகி ஓடும். மூணாறு குளிரில் கட்டியாகிவிடும். அதற்கும் மாற்று வழி வேண்டும். ஆகவே சமையல் எண்ணெயை அப்படியே எஞ்சினில் ஊற்றாதீர்கள்.

பிறகு ஏன் இந்த முயற்சி? பெட்ரோலிய ஆயில் மண்ணில் சிந்தினால் எளிதில் மக்காது. கிணற்றுத் தண்ணீரையும் கெடுக்கும். தாவர எண்ணெய் சீக்கிரம் மக்கிவிடும்.

ஆட்டோக்காரர்கள் செய்து பார்த்தது ஆராய்ச்சி ஆயிற்று. உங்கள் தொழிலிலும் இப்படிக் கேள்வி எழும். எழுதி வையுங்கள். தெரிந்தவரிடம் கேளுங்கள்.