தள்ளி நில் என்ற சொல்
(குடுமியான்மலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உறுப்பு மாற்று சிகிச்சை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. வங்கியில் பணம் எண்ணுகிறவன், கவிதை எழுதுகிறவன். என் அக்காவுக்கு 2020 பிப்ரவரியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது அம்மா. அடுத்த மாதம் 24ஆம் தேதி ராத்திரி நாட்டையே பூட்டினார்கள். அந்த நாட்களில் கூடவே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஊரில் என்ன நினைக்கிறோம்? கிட்னி வச்சாச்சு, ஆளு தேறியாச்சு. அப்படியில்லை. உடம்பு என்பது அந்நியத்தை அடையாளம் கண்டு அடிக்கிற ஒரு அமைப்பு. பெத்த தாயோட சதையா இருந்தாலும் அதுக்கு அந்நியம்தான். 1954ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் முரே செய்த சிறுநீரக மாற்று ஜெயித்ததென்றால், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்கள். மத்தவங்களுக்கு, வைத்த கிட்னி வேலை செய்கிற கடைசி நாள் வரைக்கும் உடம்போட எதிர்ப்பை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும். டாக்ரோலிமஸ் என்றொரு மாத்திரை, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஜப்பானில் சுகுபா பக்கத்து மண்ணில் கிடந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984ல் கண்டெடுத்தது. (மண்ணைக் கிளறியே பிழைக்கிற நமக்கு இதில் ஒரு சந்தோசம் இருக்கத்தான் செய்யுது.) ரத்தத்தில் அதோட அளவு குறைந்தால் உடம்பு கிட்னியைத் தாக்கும். கூடினால் மருந்தே கிட்னியைக் கெடுக்கும். காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து அளந்து பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதம் மருந்தின் வீரியம் அதிகம், எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைவு. எங்களுக்கு அந்த மூன்று மாதத்துக்குள் கொரோனா வந்தது.

மார்ச் நடுவில், "கூட்டமில்லாத இடமாப் பாத்துப் போயிருங்க, போன்ல பேசிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீடு ஓர் அறை, ஒரு திண்ணை, பின்னால் ஆட்டுக் கொட்டகை. அறை அக்காவுக்கு. விலாவில் தையல் ஆறாத அம்மா வாசப்படி ஓரம். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாட்டிக்கொண்டார், வந்து சேர இரண்டு மாதமானது. நான் கொட்டகையில் படுத்தேன். ஏனென்றால் வீட்டிலேயே அதிகம் அஞ்ச வேண்டிய ஆள் நான்தான்.

வங்கி அத்தியாவசியப் பணி. அந்த ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்து ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு. கூட்டம் சேரக் கூடாதென்று கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்தார்கள். 0, 1 முதல் நாள், 2, 3 மறுநாள். தன் கணக்கு எண் கடைசியில் எந்த இலக்கத்தில் முடியுதென்று நம்ம அப்பாயிக்கு எப்படித் தெரியும்? விடியக்காலையிலேயே எல்லாரும் வந்து வெயிலில் நின்றார்கள். 500 ரூபாய்க்கு ஆறு மைல் நடந்து வந்த கிழவியைப் பார்த்து, கண்ணாடிக்கு உள்ளேயிருந்து "தள்ளி நில்லுங்க ஆத்தா" என்று நாள் பூராவும் சொன்னேன். "நாங்க எப்பவும் தள்ளித்தானய்யா நிக்கிறோம்" என்றது ஒரு கிழவி. வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுப்புக் கேட்டால், நோயாளி நீங்க இல்லையே என்றார்கள். சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் குளித்து, துணியைச் சோப்புத் தண்ணியில் முக்கிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அக்காவோடு பேசுவேன்.

அறைக்குள் அக்காவுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். காய்ச்சி ஆறவைத்த தண்ணி. வேறு யாரும் தொடுவதில்லை. ஒருநாள் அந்த டம்ளரைக் கழுவும்போது அம்மா ஒப்பாரி மாதிரி ஆரம்பித்துவிட்டது. "தனி டம்ளர்ல டீ குடிக்க மாட்டேன்னு கடைக்காரனோட சண்டை போட்டவரு எங்கப்பா. இன்னைக்கு எம் மகளுக்கு நானே தனி டம்ளர் வைக்கிறேனே."

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த மாதங்களில் பத்திரிகைகள் சமூக விலகல், சமூக விலகல் என்று எழுதின. நம் முன்னோர்கள் தொடாமல் இருக்கச் சொன்னது இதுக்குத்தான், அது சுகாதாரம், அறிவியல் என்று செல்போனில் செய்திகளைப் பரப்பினார்கள். எவ்வளவு சாமர்த்தியம்! நோய்க்காகத் தள்ளி நிற்பதற்குக் காரணம் உண்டு, அளவு உண்டு, முடிகிற நாள் உண்டு. அதில் யார் தீட்டு? வெளியே போய்வந்த நான். யாருக்குப் பாதுகாப்பு? உள்ளே இருந்த பலவீனமான உயிருக்கு. சாதி சொல்கிற தள்ளி நிற்றலில் பலமுள்ளவன் பாதுகாப்பாக இருக்கிறான், பலவீனமானவன் தீட்டாகிறான், முடிகிற தேதியும் கிடையாது. அக்காவோட டம்ளர் வீட்டிலேயே நல்ல டம்ளர், வெள்ளி மாதிரித் தேய்த்து வைத்தது. டீக்கடை டம்ளர் ஓட்டுச் சந்தில் செருகிக் கிடந்தது. இதை அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். "வெளக்கமெல்லாம் சரிதான், கை கேக்க மாட்டேங்குதே" என்றது.

மருந்துக் கதைக்கு வருகிறேன். மாத்திரை சென்னையில் இலவசம், ஆனால் சென்னைக்குப் போனால்தானே? எட்டு நாளுக்கு மட்டும் மிச்சமிருந்தபோது, ஒரு தோழர் வாங்கி, காய்கறி லாரியில் ஏற்றி, திருச்சி வரை வந்து சேர்ந்தது. ரத்த அளவு பார்க்கப் புதுக்கோட்டையில் எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. வீட்டில் ரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட டப்பாவில் திருச்சி ஆய்வகத்துக்கு நானே வண்டியில் கொண்டுபோனேன். இன்னொருத்தருக்கு வண்டியும் இருக்காது, என்னைப்போல மாதச் சம்பளமும் இருக்காது.

தடுப்பூசியிலும் இதே கதை. 2021 மார்ச் 1லிருந்து 45 வயது தாண்டிய நோயாளிகளுக்கு. அந்தப் பட்டியலில் உறுப்பு மாற்று செய்தவர்களும் உண்டு, ஆனால் அக்காவுக்கு வயசு 38. எதிர்ப்பை அடக்கிய உடம்பில் இரண்டு ஊசி சரியாகப் பிடிக்காதென்று அமெரிக்காவில் 2021 ஆகஸ்டிலேயே இவர்களுக்கு மூன்றாவது ஊசிக்கு அனுமதித்தார்கள். இங்கே 2022 ஜனவரியில் வந்த மூன்றாவது ஊசி, நோயாளிகளில் 60 வயதானவர்களுக்கு மட்டும். ஏப்ரலில் மற்றவர்களுக்கும் திறந்தார்கள், தனியாரிடம் காசு கொடுத்து. இலவசமானது ஜூலை 15. நோய்க்குப் பிறந்த தேதி தெரியுமா என்ன?

இந்த ஊரைத் தேடி வருகிறவர்கள் மலையில் வெட்டியிருக்கிற இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நல்லது, பார்க்க வேண்டியதுதான். இதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பர் 26. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், எதனால் என்று தேடி, நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் மிதந்தது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது எங்களுக்குச் சொன்ன அறிவுரைகளில் முதலாவது, சுத்தமான குடிதண்ணீர். எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருக்கிற ஒருத்தி அந்தத் தெருவில் இருந்திருந்தால்? கோடிக்கணக்கில் செலவழித்து அரசு கொடுக்கிற சிகிச்சையை, இரவில் ஒரு தொட்டி மேல் ஏறி இறங்குகிறவன் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட முடியும். அந்தச் செய்தி வந்த அன்றிலிருந்து அக்கா தண்ணியை இரண்டு தடவை காய்ச்சுது.

இன்னொன்று. இந்த நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுக்கிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். வாங்குகிறவர்களில் பெரும்பான்மை ஆண்கள். எங்கள் வீட்டில் வாங்கியதும் பெண் என்பதால் சொந்தக்காரர்களே கேட்டார்கள், "பொட்டப் புள்ளைக்கா இம்புட்டும்?" என்று. வறுமையில் கிட்னி விற்றவர்கள் இருந்ததால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்றே பேர் வந்தது. 1994ல் சட்டம் போட்டுத்தான் விற்பனையைத் தடுத்தார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தை 2008ல் தமிழ்நாடு தொடங்கியது. அது வளர்ந்தால்தான் அம்மாக்களின் விலாவை அறுப்பது குறையும்.

அம்மா வந்திருக்குது, அந்தத் தூணோரம். கொடுத்தவர் உடம்பு எப்படியிருக்கும், வேலைக்குப் போகலாமா, வலி எத்தனை நாள் என்றெல்லாம் கேட்க வேண்டுமென்றால் என்னைக் கேட்காதீர்கள், அதைக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும், காது மந்தம்.