குருத்துவப் பயிற்சி எங்கே நடக்க வேண்டும்?



சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்தால், அவர் வாங்கிய பட்டத்தையா பார்க்கிறோம்? ஆராதனையில் எல்லோரும் சங்கீதம் வாசிக்கையில் அவர் வாயும் அசைகிறதா, இல்லை பிரசங்கக் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருக்கிறாரா என்றுதான் பார்க்கிறோம். கடைசி வரிசைப் பாட்டிக்குக்கூட அது தெரிந்துவிடும்!

1935இல், ஹிட்லருக்குப் பணிய மறுத்த ஜெர்மானியத் திருச்சபையினர் தங்கள் இளம் போதகர்களை இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோஃபரிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கு அப்போது வயது 29. ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் அவர் நடத்திய பயிற்சி எப்படி இருந்தது? காலையிலும் இரவிலும் சேர்ந்து சங்கீதம், ஜெபம். ஒரே சிறு வேதபகுதியை வாரம் முழுக்க, தினமும் அரைமணி நேரம் வாய் திறக்காமல் தியானிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் வாதம் செய்தே பழகியவர்களுக்கு அது லேசான காரியமா? எதிரில் இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது என்று இன்னொரு சட்டம். நம் சபையின் பாஸ்டரேட் கமிட்டியில் அதைக் கொண்டுவந்தால் கூட்டமே நடக்காது!

தொடக்க நாள்களில் ஒருமுறை, சமையலறை வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது யாரும் எழவில்லை. பொன்ஹோஃபர் பேசாமல் எழுந்து போனார். வெட்கப்பட்டுப் பின்னால் ஓடியவர்களை அவர் உள்ளே விடவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தப் பயிற்சியில் மடத்து வாடை அடிக்கிறது என்று இறையியல் அறிஞர் கார்ல் பார்த்கூடக் குறைப்பட்டார். ஆனால் 1937இல் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அந்த இடத்தை இழுத்து மூடியது. பக்தி மட்டும் செய்துகொண்டிருந்தால் மூடியிருப்பார்களா?

சேர்ந்து ஜெபித்துப் பழகும் இந்தப் பயிற்சி நமக்குப் புதிதும் அல்ல. 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், உபதேசியாராக ஊர் ஊராய் நடந்து, சனங்களோடு ஜெபித்துப் பழகிய பிறகே, 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் குரு அவர்தான்.

அதனால் இறையியல் கல்லூரி நிர்வாகத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். முதலாண்டு மாணவரை ஒரே சபைக்கு ஆண்டு முழுவதும் அனுப்புங்கள். பிரசங்கம் கொடுக்காதீர்கள். சனங்களோடு தரையில் உட்காரட்டும், பாமாலையில் அவர்களோடு தப்பும் தவறுமாய்ப் பாடட்டும், துக்க வீட்டில் பெஞ்சு தூக்கிப் போடட்டும். ஆண்டு முடிவில் மதிப்பெண்ணோடு அந்தச் சபையின் வார்த்தையையும் கேட்டு எழுதுங்கள். சபையாராகிய நாங்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுவோம்.