வெள்ளி தேடிப் போட்ட துளைகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பாறையைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தூக்கம் வந்துவிடும், பத்து நிமிஷம்தான்" என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் நான் செய்த வேலை, பூமியில் துளை போட்டு உலோகம் தேடுவது. செம்பு, ஈயம், துத்தநாகம், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளி.

கூடுவாஞ்சேரிக்காரர்களுக்குத் துளையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? நந்திவரம் ஏரி வற்றினால் தெருவுக்குத் தெரு போர்வெல் லாரி வந்து நிற்கும். சுத்தியல் பாறையை இடித்துப் பொடியாக்கும், காற்று அந்தப் பொடியை மேலே தள்ளும், துணி காயப்போட்டவர்கள் எல்லாம் திட்டுவார்கள். தண்ணீர் வந்தால் போதும். கீழே என்ன பாறை இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எங்களுக்கு அந்தப் பாறைதான் வேண்டும். அதனால் இடிக்காமல் அறுத்தெடுப்போம். குழாயின் நுனியில் வைரத்துகள் பதித்த வளையம் இருக்கும். அது சுற்றச் சுற்ற நடுவில் ஒரு பாறைத் தண்டு மிஞ்சும். அதற்குக் கோர் என்று பெயர். மூன்று மீட்டருக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, ஆழம் எழுதிப் பெட்டியில் வரிசையாக அடுக்குவோம். பிறகு நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதி பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். இன்னொரு பாதி பெட்டியிலேயே இருக்கும். அந்த இரண்டாவது பாதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

துளையைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. கந்தகத்தோடு சேர்ந்த தாது, மழையிலும் காற்றிலும் துருப்பிடித்து மேலே செம்பழுப்புத் தொப்பியாகத் தெரியும். ராஜஸ்தானில் ராம்புரா ஆகுச்சாவில் 1977-ல் அப்படி ஒரு தொப்பிதான் அந்த மாநிலப் புவியியல் துறைக்கு வழி காட்டியது. இன்று அது உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று. நம் நாட்டில் தோண்டியெடுக்கும் வெள்ளியில் பெரும்பகுதி ராஜஸ்தானின் ஈய, துத்தநாகத் தாதுவோடு கூட வருவதுதான்.

தமிழ்நாட்டில் இல்லையா என்று கேட்பீர்கள். மாமண்டூரில் உண்டு. செங்கல்பட்டு தாண்டி, வெளியூர் பஸ்கள் டீக்கு நிற்குமே, அந்த மாமண்டூர் இல்லை. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூர். அங்கே துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றும் கலந்த தாதுவைக் கண்டு துளை போட்டும் பார்த்தார்கள். ஆனால் சுரங்கம் வரவில்லை. தாது இருப்பது ஒரு சங்கதி. அதை எடுத்துக் கட்டுப்படியாவது வேறு சங்கதி.

ஒரு சின்னக் கணக்கு. நாங்கள் எடுக்கும் கோரில் ஒரு வகையின் விட்டம் 47.6 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக் கோர் சுமார் ஐந்து கிலோ எடை. டன்னுக்கு 50 கிராம் வெள்ளி உள்ள தாது என்று வையுங்கள். அந்த ஒரு மீட்டரில் இருக்கும் வெள்ளி கால் கிராம் சொச்சம். சேலத்துக் கொலுசு இருக்கட்டும், ஒரு மெட்டிக்குக்கூடக் காணாது. 100 மீட்டருக்கு ஒரு துளை போட்டால், நாங்கள் கண்ணால் பார்ப்பது அந்த நிலப்பரப்பில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு மீதியைச் சொல்ல வேண்டும். எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் பாருங்கள்!

வேலையில் சேர்ந்த புதுசில், வட தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தில் முகாம். ஊர்ப்பெயர் வேண்டாம். ஒரு துளையில் விரல்கடை அகலத்துக்குப் பளபளவென்று ஈயத்தாது வந்தது. அன்று சாயங்காலமே "வெள்ளி கிடைச்சிடுச்சாம்" என்று ஊர் முழுக்கப் பேச்சு. மறுநாள் நிலத்துக்காரர் வந்தார். பெரியவர், அப்பா வயசு.

"தம்பி, என் நெலத்துல வெள்ளி இருக்குதாமே? பொண்ணு கல்யாணத்துக்குக் கடன் தரேன்னு ஒருத்தர் நிக்கிறார். நெலத்து மேல எழுதிக் குடுத்தா போதுமாம். வாங்கலாமா?"

துளையின் முடிவுகளை வெளியில் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. சொல்லாமல் போனால் அவர் நிலம் போய்விடும். நான் சொன்னேன்: "ஐயா, இங்க என்ன இருக்குன்னு நான் சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணு. ஒரு துளையை வச்சு யாரும் சுரங்கம் போட்டதில்லை. அப்படியே தாது இருந்தாலும் அதை எடுக்க சர்க்கார் குத்தகை வேணும், 1957-ஆம் வருஷத்துச் சட்டம் அப்படி. இந்த ரிக்கை நம்பி ஒரு ரூபாகூடக் கடன் வாங்காதீங்க. நெல்லை நம்பி எவ்வளவு வாங்குவீங்களோ அவ்வளவு வாங்குங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ மோட்டார் கொட்டாய்ப் பக்கம் உங்க லாரியை ஏத்தாதீங்க, வாய்க்கால் ஒடையுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தடுத்துப் போட்ட நான்கு துளைகளிலும் அந்தத் தாது தட்டவில்லை. முகாமைக் கலைத்தோம். அவர் கடன் வாங்கவில்லை, கல்யாணத்தைத் தைக்குத் தள்ளி, அறுவடை முடிந்து நடத்தினார். எங்களுக்கும் பத்திரிகை வைத்தார்.

இப்போது அந்த இரண்டாவது பாதிக்கு வருகிறேன். இந்தோனேசியாவில் புசாங் என்ற இடத்தில் பெரும் தங்கப் புதையல் என்று பிரே-எக்ஸ் என்ற கனடா கம்பெனி சொன்னது. பங்கு விலை விண்ணுக்குப் போயிற்று. 1997-ல் வேறொரு கம்பெனி பக்கத்திலேயே துளை போட்டுப் பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி தங்கமே இல்லை. மாதிரிகளில் தங்கத்தைக் கலந்திருந்தார்கள். கோரில் பாதியை வைக்காமல் முழுவதையும் பொடித்துவிட்டதால், திரும்பப் பார்க்க வழியே இருக்கவில்லை. சேமிப்பைப் போட்ட சாதாரண ஜனங்கள் தெருவில் நின்றார்கள். பெட்டியில் மிச்சம் வைக்கும் பாதி எதற்கென்று இப்போது புரியும்: நாளைக்கு இன்னொருவன் வந்து நம்மைச் சரிபார்ப்பதற்கு.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்த துளையைச் சிமென்ட் போட்டு அடைத்து, மேலே நம்பரும் தேதியும் எழுத வேண்டும். உலோகம் தட்டாத துளைக்கும் இதேதான். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடச் சொல்லி 2010-லேயே உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. அப்படியும் 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தோம். உங்கள் தெருவில், உங்கள் தோட்டத்தில் திறந்து கிடக்கும் துளை இருந்தால் இந்த வாரமே மூடச் சொல்லுங்கள். இதற்குப் புவியியல் பட்டம் வேண்டாம்.

மாணவர்களே, நீங்கள் கம்ப்யூட்டர் படிக்கலாம், கணக்கு படிக்கலாம். எந்த வேலையிலும் உங்கள் முடிவை நம்பி ஒருவர் கடன் வாங்கக் காத்திருப்பார். கண்டதை மட்டும் சொல்லுங்கள். சரிபார்க்கப் பாதியை மிச்சம் வையுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு ஆறுகிறது.