கிந்தனாரும் கொலைவெறியும்



நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிலே 1908-ஆம் ஆண்டு பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனாக இருந்து, பின்னாளில் தமிழ்நாட்டு ஹாஸ்யத்துக்கே ஒரு புது மரியாதையைத் தேடித் தந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவர்கள், 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலே 'கிந்தனார்' என்றொரு கதாகாலட்சேபம் செய்ததைப் பெரியவர்கள் பலர் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைத்தான் அவர் அதற்குச் சட்டகமாக எடுத்துக்கொண்டார். நந்தன் சிதம்பர தரிசனத்துக்காக ஏங்கினான். கிந்தனோ கல்வியைத் தேடிப் பட்டணத்துக்கு ரயிலேறினான். மூலக் கதையை அறிந்தவர்களுக்கு இரட்டிப்பு ரசனை, அறியாதவர்களுக்கும் குறைவில்லை. பிறர் செய்த ஒன்றை எடுத்து, வெட்டி, ஒட்டி, திருப்பிப் போட்டுத் தன் கருத்தைச் சொல்லும் இந்த வித்தையை இன்றைய பிள்ளைகள் 'எடிட்' என்றும், 'மீம்' என்றும், 'ட்ரோல்' என்றும் வழங்குகிறார்கள்.

நாஞ்சில் நாட்டிலே இது கலைவாணர் ஒருவருக்கே சொந்தமான சாமர்த்தியமுமன்று. கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டுக் கேட்கப் போகிறவர்களில், கதை என்ன ஆகுமோ என்று அறியாமல் போகிறவர் எவருமில்லை. ஊரறிந்த அந்தக் கதையை இன்றைய புலவர் எப்படிப் பாடுகிறார், எந்த இடத்தில் சினிமா மெட்டைச் செருகுகிறார், எந்த இடத்தில் உள்ளூர்ச் சங்கதியை நுழைத்துச் சிரிக்க வைக்கிறார் என்பதிலேதான் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களின் சுவாரசியமெல்லாம்.

அந்தப் பரம்பரையின் வாரிசுகள் இப்போது கைபேசியோடு இருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நடந்த விநோதம் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு பொறியியல் முகநூல் பக்கத்தில் சுத்தியல் ஒன்றின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். 2001-இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சியை மனத்தில் வைத்து ஒரு தமிழ் ரசிகர் பதில் எழுத, 'நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்' என்ற கோஷம் உலகமெங்கும் பரவிற்று. புதிய மத்திய அமைச்சரவை பதவியேற்ற அதே நாட்களில், காண்டிராக்டர் நேசமணியின் உடல்நிலை குறித்து ரசிகர்கள் வீடியோ மேல் வீடியோவாக வெட்டி ஒட்டி வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். தாய்த் தமிழகத்தோடு இணைவதற்காகப் போராடிய மார்ஷல் நேசமணியின் கன்னியாகுமரி ஜில்லாவிலே வாழ்கிற நமக்கு, அந்தப் பெயரைக் கேட்டவுடன் முதலில் வேறொரு முகம் தோன்றியது என்பதும் ஒரு வேடிக்கை. 'ஃபிரண்ட்ஸ்' படமே இயக்குநர் சித்திக் முதலில் மலையாளத்தில் எடுத்து, பின்பு தமிழில் எடுத்தது; அதை ரசிகன் மூன்றாம் முறையாக எடுத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் நஷ்டப்பட்டவர் எவருமில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்று புத்துயிர் பெற்றதுதான் மிச்சம்.

ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் கடுமை ரசிகர்களை எப்படித் தாக்கக்கூடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பொருத்தமான சரித்திரம் ஒன்று உண்டு. 2011 நவம்பரில், தனுஷ் பாடி அனிருத் இசையமைத்த 'கொலைவெறி' பாட்டு யூட்யூபில் வெளியானது. அதை வெளியிட்டவர்கள் செய்த பிரசாரம் ஒரு பங்கு என்றால், குழந்தைகளும் மாணவர்களும், குடும்பப் பெண்களும் வெளிநாட்டாரும் தத்தம் மொழியிலும் தத்தம் கேலியிலும் அதைப் பாடி ஆடி ஏற்றிய வீடியோக்கள் செய்த பிரசாரம் பல பங்கு. அந்தப் பாட்டு இடம்பெற்ற '3' என்ற படம் 2012 மார்ச் முடிவில் திரைக்கு வந்தது. அந்தச் சமயத்தில், திருட்டுப் பிரதிகளைத் தடுக்க வேண்டும் என்று கேட்டு, படத்தின் தரப்பினர் பெயர் தெரியாத பிரதிவாதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார்கள். அந்த ஆணையைக் கையில் வாங்கிய இணையச் சேவை நிறுவனங்கள், எந்தப் பக்கத்தில் திருட்டுப் பிரதி இருக்கிறது என்று ஆராயும் சிரமத்தை மேற்கொள்ளாமல், விமியோ, டெய்லிமோஷன் முதலான தளங்களையே முழுசாக மூடிவிட்டன. தாம் எடுத்த குறும்படத்தை அங்கே வைத்திருந்த மாணவனும், திரைப்படமே பார்க்காத ஆசிரியரும் ஒன்றாக வெளியே நின்றார்கள். ஜூன் மாதத்தில், குறிப்பிட்ட பக்கங்களின் முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகே நிலைமை சீராயிற்று. ரசிகர்களின் வீடியோக்களால் உலகப் புகழ் பெற்ற பாட்டின் படத்தைக் காப்பாற்றப் போய், வீடியோத் தளங்களையே அடைத்த இந்த முரணை எந்த ஹாஸ்ய எழுத்தாளனும் கற்பனை செய்திருக்க மாட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவிலே, சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காகப் பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. பகடி என்ற சொல் அங்கே இல்லை. 63-ஆவது பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுகிறவர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார லாபம் கருதாதவருக்கு அதைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நமக்குப் பக்கத்து ராஜ்யமான கேரளத்தின் உயர் நீதிமன்றம் 1996-இல், பகடி என்ற சொல் இல்லாத குறையை ஓரளவு நிரப்பியது. மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற 1952-ஆம் ஆண்டு நாடகத்தின் பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்து, அதன் அரசியலையே கேள்வி கேட்கும் எதிர்நாடகம் ஒன்றை சிவிக் சந்திரன் எழுதினார். மூல நாடகத்தின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தபோது, எடுத்த அளவு எவ்வளவு, எந்த நோக்கத்துக்காக எடுத்தார், மூலத்தோடு சந்தையில் போட்டியிடுமா என்ற மூன்றையும் பார்த்த நீதிமன்றம், அது நகல் ஆகாது என்று கண்டது. அந்த மூன்று கேள்விகளைக் கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

இன்று தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் இயந்திரம். யூட்யூப் நிறுவனம் 2007 முதல் நடத்திவரும் 'கன்டென்ட் ஐடி' ஏற்பாடு, ஏற்றப்படுகிற ஒவ்வொரு வீடியோவின் ஒலியையும் ஒளியையும் உரிமையாளர்கள் கொடுத்த மாதிரிகளோடு ஒத்துப் பார்க்கிறது. ஒத்துப்போனால் தடுக்கவோ, விளம்பர வருமானத்தைத் தாமே எடுத்துக்கொள்ளவோ உரிமையாளருக்கு வழிசெய்கிறது. பிந்தியதை ஒரு சமரசம் என்று நான் ஒப்புக்கொள்வேன். ஆயினும் நோக்கம் என்ன என்று அந்த இயந்திரம் கேட்காது. கிந்தனாரையும் திருட்டுப் பிரதியையும் அது ஒரே தராசில்தான் நிறுக்கும். அதற்கும் மேலே, உரிமையாளர் புகார் செய்தால் விழும் 'ஸ்ட்ரைக்' என்பது வேறு. 90 நாட்களில் மூன்று விழுந்தால் சேனலே போயிற்று. எதிர்மனு கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதற்குத் தன் உண்மைப் பெயரையும் முகவரியையும் கொடுத்தாக வேண்டும். அவை புகார் செய்தவரிடமே போய்ச் சேரும். குலசேகரத்திலோ குளச்சலிலோ இருக்கும் கல்லூரி மாணவன், சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் பெரிய கம்பெனியின் வக்கீலுக்குத் தன் வீட்டு முகவரியை அனுப்புவானா? அப்பாவுக்குத் தெரிவதற்குள் வீடியோவை அழித்துவிடுவான்.

உரிமையாளர்களின் பக்கமும் பேசத்தான் வேண்டும். இசைஞானி இளையராஜா தம் பாட்டுகளின் உரிமைக்காக நோட்டீஸ் அனுப்பும்போதெல்லாம் ஏளனம் செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். 'குணா' படத்தின் பாட்டை 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் பயன்படுத்தியபோதும் சரி, வேறு படங்களின்போதும் சரி, அவர் கேள்வி கேட்டது கோடிக்கணக்கில் வசூலிக்கும் தயாரிப்பாளர்களை. கர்த்தாவுக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்பது நியாயம். ஆனால் பெரிய கம்பெனிகளின் வழக்குக்காகக் கூர்தீட்டிய சட்டம், பத்து விநாடிப் பாட்டைத் தன் நண்பனின் கல்யாண வீடியோவிலோ கேலிச் சித்திரத்திலோ சேர்த்தவன் மேல் அதே கூர்மையோடு விழுவதற்கு என்ன நியாயம்?

ஐரோப்பிய யூனியன் 2019-இல் கொண்டுவந்த கடுமையான இணையப் பதிப்புரிமை விதியிலும்கூட, பலத்த எதிர்ப்புக்குப் பிறகு, மேற்கோளும் விமர்சனமும் கேலிச்சித்திரமும் பகடியும் தடையின்றி இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். நம்முடைய 52-ஆவது பிரிவிலும் பகடி என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சேர்ப்பதற்குப் பாராளுமன்றத்துக்கு அதிக நேரம் பிடிக்காது. அதோடு, புகாரை ஒரு மனிதர் படித்துப் பார்த்த பின்னரே ஸ்ட்ரைக் விழ வேண்டும் என்றும், எதிர்மனுக் கொடுப்பவரின் முகவரி வழக்கு வரும்வரை புகார்தாரரிடம் போகக் கூடாது என்றும் விதி செய்தால், மாணவனுக்கும் பேச ஒரு வாய் கிடைக்கும்.