தங்கிப் படிக்க ஓர் இடம்

போட்டித் தேர்வுக்கு அரசாங்கப் பணத்தில் பயிற்சி எதற்கு என்று வினவுவோர் உளர். அவர்களையும் உடனழைத்துக்கொண்டு டில்லியிலுள்ள ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்திற்குச் சென்று வருவோம்.

இந்திய ஆட்சிப் பணியில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 3 பேரே என்று 2006-இல் சச்சார் குழு கணக்கிட்டுக் காட்டிற்று. மக்கள் தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு 13-க்கும் மேல். பின்னர், பல்கலைக்கழக மானியக் குழுவின் பொருளுதவியால், 2010-இல் இங்கு உறைவிடப் பயிற்சி நிலையம் அமைந்தது. சிறுபான்மையினர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கு உரியது அது.

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தர வரிசைக்குரிய தாள்கள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் 250 மதிப்பெண். நேர்முகத்திற்கு 275. விடையை எழுதி, வல்லார் ஒருவரிடம் காட்டித் திருத்தி, மீண்டும் எழுதினாலன்றி இது கைவராது. ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டுப் பிள்ளை எங்கே அமர்ந்து எழுதுவான்? யார் திருத்துவார்? ஆதலின் விரிவுரையினும் விடுதியையும் நூலகத்தையுமே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

2021-ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற சுருதி சர்மா இங்குப் பயின்றவர். மகிழ்ச்சிதான். ஆயினும் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. இந்நிலையத்தில் சேர்வதற்கே ஒரு நுழைவுத் தேர்வு உண்டு! பள்ளியிலேயே பின்தங்க நேர்ந்தவன் அவ்வாயிலைத் தாண்டுவதில்லை. மானியத்தில் ஒரு பங்கேனும் கல்லூரியின் முதலாண்டிலேயே அவனைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.