ராந்தி கிராமத்து மூதாட்டி

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கிராமத் தொழில்களைப் பற்றிப் பேசுமாறு எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நெசவையும் மண்பாண்டத்தையும் கயிறு திரித்தலையும் பற்றித் தாங்கள் நிரம்பக் கேட்டிருப்பீர்கள். தறியோ சக்கரமோ வேண்டாத ஒரு தொழிலையும், சிறுமியாக இருந்தபோதே அதைக் கற்று முதுமை வரையில் கைவிடாத ஒரு மாதரசியையும் பற்றி இன்று சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் மகாசுந்தரி தேவி. பீகாரின் வடபகுதியில், மதுபனி நகருக்கு அருகிலுள்ள ராந்தி என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். 1922-இல் பிறந்து 2013-இல் மறைந்தார்.

அந்தப் பகுதிக்கு மிதிலை என்பது பழம்பெயர். நம் வீட்டுப் பெண்கள் விசேஷ நாட்களில் அரிசி மாவைக் கரைத்து மாக்கோலம் இடுகிறார்கள் அல்லவா? அவ்வாறே அங்கும் அரிசி மாவினால் தரையில் இடுகிறார்கள். அதற்கு அரிபன் என்று பெயர். திருமணமாயின், மணமக்கள் தங்கும் அறையின் சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் ஆமையும் கிளியும் தீட்டுவார்கள். மூங்கில் குச்சியின் முனையில் பஞ்சு சுற்றினால் அதுவே தூரிகை. விளக்குக் கரி கருமைக்கு, மஞ்சள் மஞ்சளுக்கு, அவுரி நீலத்துக்கு, இலைச்சாறு பச்சைக்கு. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தாயிடமும் அத்தை, சிற்றன்னையரிடமும் பெண்கள் இதனைக் கற்றனர். இதற்கு விலையும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை.

1934 ஜனவரியில் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் வீடுகள் இடிந்தபோதுதான், ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி அந்த உள்சுவர்ச் சித்திரங்களைக் கண்டார். 1949-இல் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார். எனினும் அதனால் அவ்வூர்ப் பெண்களின் அடுப்பில் ஓர் ஆழாக்கு அரிசியும் கூடுதலாக வேகவில்லை.

1966, 1967 ஆண்டுகளில் பீகாரைக் கடும் வறட்சி தாக்கிற்று. பஞ்ச நிவாரணம் என்றால் மண் வெட்டுவதும் சாலை போடுவதுமே வழக்கம். கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் அவ்வேலைக்கு வர இயலாது, வீட்டிலோ உணவில்லை. அகில இந்தியக் கைத்தொழில் வாரியத்தில் பொறுப்பு வகித்த புபுல் ஜயகர் அம்மையார், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். அவர் எடுத்துச் சென்றது காகிதம். சுவரில் எழுதுவதைக் காகிதத்தில் எழுதித் தாருங்கள், விலை கொடுக்கிறோம் என்றார். சுவர் ஊரைவிட்டு நகராது; காகிதம் தில்லி வரை போகும். இந்தச் சிறு மாற்றத்தைவிடச் சிறந்த நிவாரண வேலையை நாம் அதிகம் கண்டதில்லை. கைக்குத் தெரியாத எதையும் அது பெண்களிடம் கேட்கவில்லை.

மகாசுந்தரி தேவி வறட்சிக்காகக் காத்திருந்தவர் அல்லர். 1961-லேயே கோஷாவைத் துறந்து கலைஞராக வெளியே வந்துவிட்டார். அக்காலத்தில், அக்குடும்பங்களில், இது எளிய செயலன்று. ராந்தியின் கோட்டுச் சித்திரம் பொறுமையைச் சோதிப்பது: உருவத்தின் ஓரத்தை இரட்டைக் கோடாக இழுத்து, அவ்விரண்டுக்கும் இடையே மயிரிழை போன்ற குறுங்கோடுகளை வரிசையாக நிரப்ப வேண்டும். ஒரு கோடு தடித்தாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அம்மையார் சித்திரத்தோடு நிற்கவில்லை. களிமண் உருவங்கள், காகிதக்கூழ் பொம்மைகள், சிக்கி என்ற பொன்னிறப் புல்லில் முடையும் கூடைகள், பழந்துணியை அடுக்கித் தைக்கும் சுஜனி வேலை ஆகிய யாவும் அவருக்குக் கைவந்தன.

சித்திரங்களுக்குக் கிராக்கி ஏற்பட்டதும் வியாபாரிகள் வந்தார்கள். ஒரே சித்திரத்தை நூறு பிரதி எழுது, விலை இவ்வளவுதான் என்றார்கள். வீட்டில் தனித்திருக்கும் பெண்ணுக்குத் தில்லி விலை எப்படித் தெரியும்? அம்மையார் கைவினைக் கலைஞர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். பால் சங்கம் நடத்துபவர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

1982-இல் தேசிய விருதும், 1995-இல் மத்தியப் பிரதேச அரசின் துளசி சம்மானும், 2011-இல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன. கடைசி விருதின்போது வயது ஏறத்தாழ தொண்ணூறு. பேரன் பேத்தி எடுத்ததும், இனிக் கோயில் திண்ணைதான் என்று நாம் நம் மூதாட்டிகளை ஒதுக்கிவிடுகிறோம். ராந்தியில் அப்படிச் செய்திருந்தால் நஷ்டம் ஊருக்கே.

அது எத்தகைய நஷ்டம் என்பதற்குத் துலாரி தேவியைப் பாருங்கள். மீன்பிடிக்கும் மல்லா வகுப்பில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே மணமாகி, பெற்ற மகவையும் இழந்து, தாய்வீடு திரும்பியவர். மகாசுந்தரி தேவியின் இல்லத்திலும் உறவினரான கர்ப்பூரி தேவியின் இல்லத்திலும் வேலை செய்தார். பெருக்கி முடித்துச் சித்திரங்களைப் பார்த்து நிற்பார். உயர்ந்த வகுப்பினரின் வீட்டுக்குள் மட்டும் வழங்கிவந்த கலையை அம்மூதாட்டிகள் அவருக்குக் கற்பித்தனர். ஒளித்து வைக்கவில்லை. 2010-இல் துலாரி தேவியின் வாழ்க்கைக் கதையை அவருடைய சித்திரங்களோடு புத்தகமாக வெளியிட்டது நமது சென்னைப் பதிப்பகம் ஒன்றே. 2021-இல் அவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் வார்டில் கோரைப்பாய், பனையோலைப் பெட்டி, மண்பொம்மை முதலிய ஏதேனும் ஒரு கைத்தொழில் அறிந்த அறுபது வயதைக் கடந்த பெண்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர், வயது, தொழில் என மூன்று பத்திகள் போதா. யாருக்குக் கற்பிக்கிறார் என்று நான்காவதாக ஒரு பத்தியும் வேண்டும். பல ஊர்களில் அப்பத்தி வெறுமையாகவே இருக்குமென்று அஞ்சுகிறோம். அந்த நோட்டைக் கூட்டத்தில் வைத்துப் படியுங்கள்.